அலாஸ்கா நாய் வண்டிப் பந்தயம்: 8ஆம் வகுப்பு புராஜெக்ட்டை எப்படிக் கொண்டுபோவது?

பாலக்கோடு டீச்சர்
அரசுப் பள்ளி, 8ஆம் வகுப்பு, 32 பிள்ளைகள். பனியில் நாய்கள் இழுத்து ஓடும் இடிடராட் பந்தயத்தை வைத்து இரண்டு வாரப் புராஜெக்ட். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றும் வரவேண்டும். ஒரே கம்ப்யூட்டர், நெட் சுமார். பந்தயம் நடக்கிற மார்ச்சிலேயே செய்யலாமா? தெர்மகோல் வண்டி, ஹஸ்கி படம் என்று சார்ட்டோடு முடிந்துவிடக் கூடாது.

ஓசூர் கணக்கு
மார்ச் வேண்டாம் மேடம், பொதுத்தேர்வு வேலைக்கு உங்களையும் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். முடிந்துபோன ஒரு வருடத்தை எடுங்கள். ஒவ்வொரு செக்பாயின்ட்டிலும் யார் எப்போது வந்தார், எப்போது கிளம்பினார், எத்தனை நாயோடு என்ற பட்டியல் பந்தயத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. எட்டு மஷர்களுடைய (நாய் வண்டியை ஓட்டுகிறவர்களுடைய) பட்டியலை ஒரே தடவை பிரின்ட் எடுத்து, நாலு பேருக்கு ஒரு மஷர் என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் நெட் தேவைப்படாது.

தூரம் சுமார் 1,600 கி.மீ. நம் கிருஷ்ணகிரியில் ஏறி 44ஆம் நெடுஞ்சாலையிலேயே போனால் நாக்பூரையும் தாண்டிவிடும். இரட்டைப்படை வருடங்களில் வடக்குப் பாதை, ஒற்றைப்படையில் தெற்குப் பாதை. ஆனால் 2003, 2015, 2017, 2025இல் பனி போதாமல் தொடக்கத்தையே ஃபேர்பேங்க்ஸ் என்ற ஊருக்கு மாற்றினார்கள். அந்த வருடங்களின் நேரத்தை மற்ற வருடங்களோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. 2017இல் மிட்ச் சீவி என்ற மஷர் 8 நாள் 3 மணி 40 நிமிடத்தில் முடித்தது இந்த மாற்றுப் பாதையில்தான். சுமார் 1,575 கி.மீ.யை 195.7 மணியால் வகுத்தால் மணிக்கு 8 கி.மீ. வரும். 'இவ்வளவு மெதுவா?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஓய்வு நேரத்தைக் கழித்துவிட்டு மறுபடி வகுக்கச் சொல்லுங்கள். பாடமே அங்கேதான் இருக்கிறது.

பிள்ளைகள் கட்டாயம் தடுக்கி விழுகிற இடம், யார் முன்னிலை என்பது. ஒவ்வொருவரும் வழியில் ஏதாவது ஓரிடத்தில் 24 மணி நேரம் நின்றே ஆகவேண்டும். அது போக யூகான் ஆற்றங்கரையில் 8 மணி, ஒயிட் மவுன்டன் என்ற ஊரில் 8 மணி. முதல் மூன்று நாளில் முன்னால் ஓடுகிறவர் பல சமயம் அந்த 24 மணியை இன்னும் எடுக்காதவர். எடுக்காதவர் கணக்கில் 24ஐக் கூட்டிவிட்டு வரிசைப்படுத்துங்கள், பட்டியலே தலைகீழாகும். சிலருக்கு 24 மணி 40 நிமிடம் என்று இருக்கும், அது அச்சுப்பிழை அல்ல. இரண்டிரண்டு நிமிட இடைவெளியில் கிளப்பிவிடுவதால் முன்னால் போனவருக்குக் கிடைத்த நேரத்தை அந்த ஓய்வில் நேர்செய்கிறார்கள்.

இன்னொன்று கடிகாரம். அலாஸ்கா நமக்கு 14½ மணி பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், பிறகு 13½. பெரும்பாலான வருடங்களில் இது பந்தயத்தின் நடுவே வரும். அன்றைய கணக்கில் மட்டும் ஒரு மணி உதைக்கும்.

கால்நடைப் பக்கம்
அறிவியலுக்கு நாயின் சாப்பாடு ஒன்றே போதும். பந்தயத்தில் ஒரு நாய் ஒரு நாளைக்கு 10,000 கலோரிக்கு மேல் எரிக்கும், அதன் எடையோ 20-25 கிலோதான். இதைக் கேழ்வரகில் கணக்குப் போடச் சொல்லுங்கள். 100 கிராம் மாவில் ஏறக்குறைய 330 கலோரி, ஆக 3 கிலோ மாவு. களியாகக் கிண்டினால் நாயின் வயிறு தாங்காது. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, 1.1 கிலோவில் வேலை முடிந்தது. இறைச்சி, மீன், கொழுப்பு எல்லாவற்றையும் உருகிய பனித் தண்ணீரில் கலந்து கஞ்சி மாதிரி ஊற்றுவது இதனால்தான். தண்ணீரும் அப்படியே உள்ளே போய்விடும். 3 கேலன், அதாவது 11 லிட்டருக்கு மேல் கொதிக்க வைக்கிற அடுப்பும் பாத்திரமும் வண்டியில் கட்டாயம்.

நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்வை, மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மைனஸ் 20 டிகிரி அதற்குச் சுகம். பூஜ்யத்தை நெருங்கினால் மஷர் பகலில் படுக்கவைத்து இரவில் ஓட்டுவார். கால் விரலிடுக்கில் பனி உருண்டை கட்டிப் புண்ணாகாமல் இருக்கத் துணிக் காலுறை. வண்டிக்கு 14 நாய் என்றால் ஒரு தடவைக்கு 56. வழியில் எத்தனை தடவை மாற்றுவார்கள் என்று பிள்ளைகளே ஊகிக்கட்டும், ஆயிரத்தைத் தாண்டும்.

ஹஸ்கி படம் ஒட்டும்போது கவனம். பெங்களூரில் வாங்கிவந்து ஓசூர் வெயிலில் வாட்டுகிறார்களே, அந்த நீலக் கண் சைபீரியன் அல்ல இங்கே பெரும்பாலும் ஓடுவது. அலாஸ்கன் ஹஸ்கி ஓட்டத்துக்காகவே கலந்து வளர்த்த நாய், தோற்றம் ஒன்றுபோல இருக்காது.

ஊத்தங்கரை
சமூக அறிவியலில் ஒரு திருத்தம். 'பால்டோ என்ற நாய் பந்தயத்தில் ஜெயித்தது' என்று எழுதிவருவார்கள். 1925இல், இன்று பந்தயம் முடிகிற நோம் ஊருக்கு டிப்தீரியா மருந்து கொண்டுபோனது பந்தயமே இல்லை, இருபது மஷர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஓடிய தொடர் ஓட்டம். பால்டோ கடைசிக் கட்டத்தில் ஓடியது, மிக நீண்ட கட்டம் டோகோ என்ற இன்னொரு நாயுடையது. நோம் வரையான பந்தயத்தை 1973இல் தொடங்கிய ஜோ ரெடிங்டனின் கவலை வேறு. பனி மோட்டார் வண்டி வந்து ஊர்களில் நாய் வண்டியே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பாலக்கோடு டீச்சர்
நன்றி சார். மாடல் இல்லாமல் எச்.எம். ஒத்துக்கொள்ள மாட்டார். நாயை வதைக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டால்?

ஓசூர் கணக்கு
மாடலை மைதானத்தில் போடுங்கள். ஜோடிக்குச் சுமார் 2.5 மீட்டர், ஏழு ஜோடிக்கு 17.5 மீட்டர் கயிறு, பதினாலு பிள்ளைகள். இழுக்க வேண்டாம், பிடித்தால் போதும். முன்னால் இருப்பது லீட், அடுத்தது ஸ்விங், வண்டியை ஒட்டி வீல். 'ஜீ' என்றால் வலது, 'ஹா' என்றால் இடது. ஒரு வேப்பமரத்தைச் சுற்றித் திரும்பச் சொல்லுங்கள். வீலில் இருப்பவர்கள் குறுக்கே வெட்டினால் வண்டி மரத்தில் மோதும் என்பது உடனே தெரிந்துவிடும்.

கால்நடைப் பக்கம்
வதை பற்றிய கேள்வியை மழுப்பாதீர்கள். 2024 பந்தயத்தில் 3 நாய்கள் இறந்தன, எதிர்ப்பு இயக்கங்களும் உண்டு. மறுபக்கம், முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., செக்பாயின்ட்டுகளில் கால்நடை மருத்துவர்கள். ஓட முடியாத நாயை இறக்கிவிட்டு விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் பட்டியலில் நாய் எண்ணிக்கை போகப் போக 9, 8 என்று குறைவது இதனால்தான், செத்ததாக எழுதிவிடப் போகிறார்கள். இரண்டு தரப்பையும் வைத்து ஒரு பட்டிமன்றம் போடலாம், ஆனால் தீர்ப்பை நீங்கள் சொல்லாதீர்கள்.