கடலோரச் சிற்றூரில் வீடு: வாங்கலாமா, வேண்டாமா?

புதுவரவு:
இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்னு ஆபீஸில் சொல்லிட்டாங்க. கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, முந்நூறு வீடுகூட இல்லாத ஊரில் கிணறு, தோட்டத்தோடு ஒரு வீடு விலைக்கு வருது. போய் ரெண்டு ராத்திரி தங்கினேன், அப்படியொரு அமைதி, அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். மனைவிக்குச் சம்மதம். 72 வயசு அம்மா மட்டும் முகம் கொடுக்கலை. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

உப்புக்காத்து:
வேண்டாம் சார். ஆறு வருஷம் இருந்துட்டு ஓடி வந்தவன் சொல்றேன். கேட் கீல், ஏசி வெளியூனிட் எல்லாம் துருப்பிடிக்கும்னு எதிர்பார்த்துத்தான் போனேன். வீடே துருப்பிடிக்கும்னு யாரும் சொல்லலை. பால்கனி அடியில் கையளவு காரை பெயர்ந்து விழுந்துச்சு. உள்ளே பார்த்தா, கம்பி மரப்பட்டை மாதிரி ஏடு ஏடா உரிஞ்சு நிக்குது. உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள்ள இறங்கி, கம்பியைக் காக்கிற மெல்லிய படலத்தைத் தின்னுடும். அப்புறம் துரு உப்பி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும்.

கரையோரம்:
அது கட்டினவன் செஞ்ச கோளாறு, கடலைத் திட்டாதீங்க. கம்பிக்கு மேலே போதிய கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்கணும், கலவையில் தண்ணி அதிகமாகக் கூடாது. வெளியே 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாம, மாலிப்டினம் கலந்த 316 ரகம் போடுங்க. ஏசியை மாசம் ஒருதரம் நல்ல தண்ணியில் கழுவுங்க. பதினோரு வருஷமா இருக்கேன், வீடு நல்லாத்தான் இருக்கு.

அந்த அமைதியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். பகலில் நிலம் சீக்கிரம் சூடேறும், காத்து கடல்லேர்ந்து வரும். ராத்திரி நிலம் முந்திக் குளிரும், காத்து திரும்பிடும். அப்படித் திரும்புறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் ஒரு இலைகூட அசையாது. மூணாவது வீட்டுக் கிணத்து ராட்டினம் கிறீச்சிடுறது அப்போ காதுக்குள்ள கேட்கும். அதுக்காகவே தினமும் திண்ணையில் உட்கார்றேன்.

உப்புக்காத்து:
திண்ணை நல்லாத்தான் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு எங்க அப்பாவுக்கு வாய் கோணிச்சு, பக்கவாதம். மொட்டை மாடிக்குப் போனாத்தான் சிக்னல். ஆம்புலன்ஸ் டிரைவருக்குச் சந்து தெரியலை, டார்ச் எடுத்துட்டு ரோட்டுக்கு ஓடினேன். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னால சிடி ஸ்கேன் வேற. நாங்க போய்ச் சேர்ந்தப்போ நேரம் தாண்டிடுச்சு. இன்னிக்கும் அவருக்கு வலது கை வராது. புதுவரவு சார், உங்க அம்மா முகம் கொடுக்காததுக்கு இதுதான் காரணமோ என்னவோ.

கரையோரம்:
வருத்தமா இருக்கு. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

ஊத்துக்கண்:
கம்பியைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள், கிணற்றை விட்டுவிட்டீர்களே! நிலத்தடி நீர்தான் என் தொழில். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் கனம் அதிகம். அதனால் நல்ல நீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் இருக்கும். இது கைபன்-ஹெர்ஸ்பெர்க் கணக்கு. மேலே ஒரு மீட்டர் குறைந்தால், நாளடைவில் கீழே உப்பு 40 மீட்டர் ஏறிவிடும் என்றும் இதைத் திருப்பிப் படிக்கலாம். எனவே ‘இன்னும் ஆழமாகப் போடு’ என்பவரை நம்பாதீர்கள். கோடைக் கடைசியில், மோட்டாரைச் சில மணி நேரம் ஓடவிட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள். மழை முடிந்த கையோடு எந்தக் கிணறும் இனிக்கும்.

ஊர்க்காரன்:
நான் அப்படி ஒரு ஊரில் பொறந்து வளர்ந்தவன். படிச்சுட்டு வரேன், சிரிப்பா வருது. நீங்க அமைதின்னு சொல்றது, எங்க பசங்க பொழைப்புத் தேடி வெளியூர் போனதால வந்தது. முன்னெல்லாம் சாயங்காலம் தெருவில் காது கிழியும். இப்போ வெளியிலேர்ந்து வந்து மூணு பேர் வீடு வாங்கினாங்க. மூணு பேரும் புல்தரைக்கு ராப்பகலா மோட்டார் போடுறாங்க. எங்க கிணறு ரெண்டு கோடையா கரிக்குது. அண்ணன் ஊத்துக்கண் சொன்ன கணக்கு எங்களுக்கு நாக்கிலேயே தெரியும்.

கரையோரம்:
அந்த மூணு பேரில் ஒருத்தன் மாதிரித்தான் நானும் வந்தேன், மறுக்கலை. புல்தரையை எடுத்து நாலு வருஷம் ஆச்சு. ஆனா யாருமே வரக் கூடாதுன்னா பூட்டின வீடுகள்தான் மிஞ்சும் தம்பி.

ஊர்க்காரன்:
வாங்க. சும்மா வேடிக்கை பார்க்க வராதீங்க. யார் வீட்டுக் கிழவி விழுந்தாலும் காரை எடுக்கிற ஆளா வாங்க.

புதுவரவு:
எல்லாருக்கும் நன்றி. வாங்குறதை நிறுத்தி வெச்சு, ஒரு வருஷம் வாடகைக்குத் தருவாங்களான்னு கேட்டிருக்கேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில் ஒருதரம் வண்டி ஓட்டி நேரம் பார்க்கப் போறேன்.

ஊத்துக்கண்:
கிணற்றைத் திறந்து பார்த்தீர்களா?

புதுவரவு:
முயற்சி பண்ணினேன். இரும்பு மூடி துருப்பிடிச்சு ஒட்டிக்கிடக்கு, அசையவே இல்லை.