பெருசீட்டஸ் கட்டுரைக்கு ஒரு சொல்: நளியெலும்பு?

நண்பர்களுக்கு,

பெருசீட்டஸ் என்ற அழிந்துபோன திமிங்கிலம் பற்றிய கட்டுரையில் வரும் 'பாக்கிஆஸ்டியோஸ்கிளெரோசிஸ்' (எலும்பு பருத்து, உள்ளும் கெட்டிப்படும் நிலை) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இதுவரை வந்த 'எலும்பு இறுக்கம்', 'எலும்பு மிகையடர்த்தி', 'தடித்த எலும்பு நோய்' மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல அந்த விலங்கிடமே போக வேண்டும்.

பெரு நாட்டின் இகா பாலைவனத்தில் புதைபடிவமாகக் கிடைத்த பெருசீட்டஸ் கொலோசஸுக்கு மண்டையோடு இல்லை, ஒரு பல்கூட இல்லை. 13 முள்ளெலும்புகள், 4 விலா எலும்புகள், இடுப்பெலும்பில் ஒரு பகுதி, அவ்வளவுதான். (பெயரில் உள்ள 'பெரு' அந்த நாடு, நம்முடைய 'பெரிய' அன்று. 'பெருந்திமிங்கிலம்' என்று மொழிபெயர்த்த நண்பர் கவனிக்கவும்.) வயது ஏறத்தாழ 3.9 கோடி ஆண்டுகள். 2023இல் நேச்சர் இதழில் இதை விவரித்தவர்கள் எடையை 85 முதல் 340 டன் வரை மதிப்பிட்டார்கள். நீலத் திமிங்கிலத்தையே மிஞ்சிவிட்டது என்று ஒரே கொண்டாட்டம். மறு ஆண்டே மோட்டானி, பையென்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கை மறுபடி போட்டு, 17 மீட்டர் நீளமென்றால் 60-70 டன், 20 மீட்டர் என்றாலும் 114 டன்னுக்கு மேல் போகாது என்றார்கள். எலும்பு கனத்தால் உடம்பும் அதே விகிதத்தில் கனக்குமா என்பதுதான் தகராறு. ஆக, கட்டுரையே இந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

பாக்கிஆஸ்டியோஸ்கிளெரோசிஸில் நடப்பது இரண்டு. எலும்பு வெளிப்புறம் கூடுதலாக வளர்ந்து பருக்கிறது. உள்ளே பஞ்சு போன்ற இடைவெளிகள் கெட்டி எலும்பால் அடைபடுகின்றன. முள்ளெலும்பு ஒவ்வொன்றும் 100 கிலோவுக்கு மேல் இருப்பது இதனால்தான். நோயும் இல்லை. ஆழமில்லாத கடலில், நுரையீரல் காற்று மேலே தூக்காமல் உடம்பைக் கீழே நிறுத்தும் பாரம் இது. நம் பாக் நீரிணை ஆவுளியாவின் (கடற்பசுவின்) விலா எலும்பும் இப்படித்தான் கனக்கும். எனவே 'நோய்' கூடாது. 'அடர்த்தி' மருத்துவமனையில் எடுக்கும் எலும்பு அடர்த்திச் சோதனையோடு குழம்பும். 'இறுக்கம்' என்றால் மூட்டுவலி ஞாபகம்தான் வரும்.

எலும்பு மெலிந்து புரையோடும் ஆஸ்டியோபோரோசிஸுக்கு 'எலும்புப்புரை' ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதற்கு எதிர்நிலையாக, உள்ளே அடைபடும் ஆஸ்டியோஸ்கிளெரோசிஸை 'எலும்புச்செறிவு' எனலாம். வெளியே பருக்கும் பாக்கிஆஸ்டோசிஸை 'எலும்புப்பருப்பு' என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள், சாம்பார் வைக்க வேண்டிவரும். 'எலும்புப் பருத்தல்' போதும்.

இரண்டும் சேர்ந்ததற்கு? 'பருஞ்செறிவு' யோசித்தேன், ஒட்டுப்போட்டது போல இருந்தது. அப்புறம்தான் தொல்காப்பியத்தில் சொற்பொருள் சொல்லும் உரியியல் நினைவுக்கு வந்தது. 'நளி' என்பதற்கு அங்கே பெருமை (பெரிதாக இருத்தல்) என்றும் பொருள், செறிவு என்றும் பொருள். நமக்கு வேண்டிய இரண்டும் அப்படியே ஒரே சொல்லில் இருக்கின்றன. புறநானூற்றில் 'நளியிரு முந்நீர்' என்று கடலுக்கே அடையாக வருவது கூடுதல் லாபம். ஆகவே 'நளியெலும்பு'; அந்த நிலையைக் குறிக்க 'எலும்பு நளிமை'.

'நளிர்' என்ற குளிரோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் குழம்பும்தான். ஆனால் முதல் இடத்தில் 'பருத்துச் செறிந்த எலும்பு' என்று விரித்து எழுதிவிட்டால் அடுத்த பத்தியிலிருந்து வாசகருக்குச் சிக்கல் இருக்காது. பள்ளிப் பாடநூலுக்கு என்றால் அந்த விரிவே போதும், நளியை அங்கே திணிக்க நான் சொல்லமாட்டேன்.

மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். அதே சொல் ஆவுளியாவுக்கும் பொருந்த வேண்டும், அது மட்டும் நிபந்தனை.