வால்வு ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்கலாமா? வேலூர்ல கேட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க

சத்துவாச்சாரி ரெக்கார்டு | வியாழன் இரவு

வணக்கம். ஒரு வாரத்துக்குள்ள முடிவு எடுக்கணும்.

எங்க நைனா விட்டுட்டுப் போன ரெக்கார்டு 140 சொச்சம் வீட்டுல இருக்கு. பாதி கச்சேரி எல்பி, மீதி சினிமா ஈபி. டர்ன்டேபிள்ல ஆடியோ டெக்னிக்கா விஎம்95ஈ காட்ரிட்ஜ் (ஊசி பொருத்தின தலை). அடுத்து 12 வோல்ட் அடாப்டர்ல ஓடுற ஒரு சின்ன ஐசி (சிப்) ஃபோனோ பெட்டி, அதாவது காட்ரிட்ஜோட மெல்லிய சிக்னலைப் பெருக்குற ப்ரீஆம்ப். அங்கிருந்து நேரா பவர்டு ஸ்பீக்கர் (உள்ளயே ஆம்ப் இருக்கிறது). தெரிஞ்சவர் ஒருத்தர் தன்னோட வால்வு ஃபோனோ ப்ரீஆம்பைக் கேட்டுப் பார்க்கக் குடுத்திருக்கார். உள்ள 12ஏஎக்ஸ்7 வால்வு (பழைய ரேடியோல இருக்கிற மாதிரி கண்ணாடிக் குழாய்) ரெண்டு. பிடிச்சா 28,000 ரூபாய்.

குரல் முன்னாடி வந்து நிக்குது, கேட்ட அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. ஆனா வயலின் மேல் ஸ்தாயிக்குப் போனா காதைக் கீறுது. வேலூர் ராமபத்ரன் மிருதங்கம் வாசிச்ச எல்பி ஒண்ணு இருக்கு, நைனாவுக்கு உயிர். அதுல வலந்தலை (வலது பக்கம்) நல்லா இருக்கு, தொப்பி (கனமான சத்தம் தர்ற இடது பக்கம்) மெலிஞ்சு போச்சு. பாட்டு ஓடாதப்ப ஸ்பீக்கர் கிட்ட போனா 'ம்ம்ம்'னு ஒரு சத்தம். என்ன பண்ணலாம்?

குடியாத்தம் வால்வு | வியாழன் இரவு

வாங்கு தம்பி. பதினஞ்சு வயசுல ரேடியோ கடையில உட்கார்ந்தவன் நான். வால்வு செட்டும் பார்த்தேன், டிரான்சிஸ்டரும் பார்த்தேன்.

பழைய ரெக்கார்டுல 'டப்'புனு கீறல் சத்தம் வரும் பாரு, வித்தியாசம் அங்கதான். 12 வோல்ட்ல ஓடுற ஐசிக்குத் தலைக்கு மேல இடம் கிடையாது, பெரிய சிக்னல் வந்தா தாங்காது. கீறல் வந்து முட்டினா அது கலங்கிப் போய், தெளியறதுக்குள்ள அடுத்த ஸ்வரம் வந்துடும். வால்வுக்கு 250 வோல்ட் சப்ளை. கீறல் வந்த சுவடே தெரியாது. நைனா கேட்ட ரெக்கார்டுன்னா தேய்ஞ்சுதான் இருக்கும். அதுக்கு வால்வுதான் இன்னா விலை குடுத்தாலும் தகும்.

காட்பாடி ஓம் | வெள்ளி காலை

அண்ணே, தலைக்கு மேல இடம் வேணும்னு நீங்க சொல்றது சரி. ஆனா அது வால்வோட குணம் இல்ல, சப்ளையோட குணம். விஎம்95ஈ தர்றது 4 மில்லிவோல்ட். 40 டெசிபெல் கெயின், அதாவது பெருக்கம், 100 மடங்கு. 12 வோல்ட் அடாப்டர் பெட்டி சுமார் 35 மில்லிவோல்ட் வரைக்கும் தாங்கும், ஏறக்குறைய 9 மடங்கு. அதே ஐசிக்கு பிளஸ் மைனஸ் 15 வோல்ட் குடுத்தா 90 வரைக்கும் தாங்கும், 20 மடங்குக்கு மேல. அந்த சப்ளையோட ஒரு நல்ல என்ஈ5532 ஐசி பெட்டி, இந்த விலையில நாலுல ஒரு பங்குக்குக் கட்டலாம்.

தம்பிக்கு ஒரு கேள்வி. வால்வு பெட்டியோட கெயின் எவ்வளவு?

சத்துவாச்சாரி ரெக்கார்டு | வெள்ளி மதியம்

புத்தகத்துல 46 டெசிபெல்னு இருக்கு சார். ஐசி பெட்டி 40.

காட்பாடி ஓம் | வெள்ளி மதியம்

6 டெசிபெல்னா வோல்டேஜ் இரண்டு மடங்கு. ஒண்ணு 0.4 வோல்ட் தருது, இன்னொண்ணு 0.8. குமிழைத் தொடாம மாத்திக் கேட்டா சத்தம் அதிகமா வர்றதுதான் 'முன்னாடி வந்து நிக்கும்'. அந்தத் தூக்கம் வராத ராத்திரியைக் குறைச்சுப் பேசல தம்பி. ஆனா அது வால்வு குடுத்ததா, சத்தம் குடுத்ததான்னு இன்னும் தெரியாது.

'ம்ம்ம்' பத்தியும் சொல்லிடறேன். ரெக்கார்டு வெட்டும்போது பேஸைக் குறைச்சு, ட்ரெபிளை ஏத்தி வெட்டுவாங்க. 1954ல வந்த ஆர்ஐஏஏ வளைவு அதுதான். ப்ரீஆம்ப் அதைத் திருப்பிப் போடணும். 1000 ஹெர்ட்ஸுக்கு 100 மடங்குன்னா, 50 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 700 மடங்கு. நம்ம கரண்டு அதே 50 ஹெர்ட்ஸ். வால்வைச் சூடாக்குற ஹீட்டருக்கு ஏசி கரண்டு குடுத்திருந்தா, அது சிக்னல் உள்ள போற கிரிட்ல துளி ஒட்டினாலும் 700 மடங்காகி வெளிய வரும். ஹீட்டர் டிசியில ஓடுதான்னு முதல்ல பாருங்க.

குடியாத்தம் வால்வு | வெள்ளி இரவு

சத்தத்தைச் சமமா வெச்சுக் கேட்டாலும் தெரியும் சார். நான் கேட்டிருக்கேன்.

ஹீட்டர் விஷயம் ஒத்துக்கறேன், இன்னும் ஒண்ணு சேர்த்துச் சொல்றேன். எங்க தெருவுல சித்திரை மாசம் சாயங்காலம் ஏர் கண்டிஷனர் எல்லாம் ஓட ஆரம்பிச்சா 190 வோல்ட்டுக்கு வந்துடும். ரெகுலேட்டர் இல்லாத செட்டுல 6.3 வோல்ட் ஹீட்டர் 5.2ல நிக்கும். வால்வு பத்து சதம் பொறுக்கும், அதுக்குக் கீழ போனா சோர்ந்து போயிடும். அப்ப வால்வைக் குறை சொல்லக் கூடாது. ஸ்டெபிலைசர் இல்லாம நம்ம ஊர்ல வால்வு ஓட்டாத.

ஆற்காடு ஊசி | வெள்ளி இரவு

அண்ணா, வால்வு மாத்திப் பாருங்க. பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) கம்பெனி போட்ட பழைய வால்வு எங்க வீட்டுல கிடக்குது, போட்டா சத்தமே வேற. அப்புறம் 78 ரெக்கார்டு ஏதாவது இருந்தா அதுக்கு ஊசியும் வேற, 1954க்கு முந்தினதா இருந்தா வளைவும் வேற. இதே பெட்டியில போட்டுட்டுக் குறை சொல்லாதீங்க.

காட்பாடி ஓம் | சனி காலை

வால்வு மாத்தினா சத்தம் மாறுதுன்னா எனக்கு அது எச்சரிக்கை. 12ஏஎக்ஸ்7 உள்ளுக்குள்ள சுமார் 62,000 ஓம் மறிப்பு. சில டிசைன்ல வளைவைத் திருப்புற கண்டென்சரும் ரெசிஸ்டரும் அந்த மறிப்பை நம்பித்தான் நிக்கும். வால்வு தேயத் தேய மறிப்பு ஏறும், வளைவும் நகரும்.

இப்ப வயலின். இதைத்தான் நேத்து ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 12ஏஎக்ஸ்7ல கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் (சிக்னல் வெளிய வர்ற முனை) நடுவுல 1.7 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ். முதல் கட்டம் 60 மடங்கு பெருக்கினா அது இன்புட் பக்கம் 100ஐத் தாண்டித் தெரியும். மில்லர் விளைவு. அதோட ஒயர் சேரும். இந்த காட்ரிட்ஜுக்கு ஒயரோட சேர்த்து 100லிருந்து 200 வரைதான் இருக்கணும்னு செஞ்சவங்களே சொல்றாங்க. காட்ரிட்ஜ் காயிலோட இண்டக்டன்ஸ் 550 மில்லிஹென்றி. மொத்தம் 300 பிகோஃபாரட் ஆனா 12,400 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு மேடு கிளம்பும். 170ல நிறுத்தினா அது 16,500க்குப் போயிடும், தொந்தரவு குறையும். தம்பி, உங்க ஒயர் எவ்வளவு நீளம்?

தொப்பிக்கு: பவர்டு ஸ்பீக்கர் இன்புட் எத்தனை ஓம்? பெட்டிக் கடைசியில இருக்கிற கண்டென்சர்ல என்ன எழுதியிருக்கு?

சத்துவாச்சாரி ரெக்கார்டு | சனி இரவு

ஒயர் 2 மீட்டர். மீட்டர்ல அளந்தா 190 பிகோஃபாரட். ஸ்பீக்கர் 10,000 ஓம்னு புத்தகத்துல போட்டிருக்கு. பெட்டியோட சொந்தக்காரரை வரவழைச்சு அவரையே திறக்கச் சொன்னேன். கண்டென்சர் 0.22 மைக்ரோ. ஹீட்டர் டிசிதான்.

காட்பாடி ஓம் | சனி இரவு

0.22 மைக்ரோவும் 10,000 ஓமும் சேர்ந்தா 72 ஹெர்ட்ஸ்லயே 3 டெசிபெல் போயிடும், அதுக்குக் கீழ இன்னும் சரியும். தொப்பியோட கனம் அங்கதான் இருக்கு. 100,000 ஓம் ஆம்ப்ளிஃபயரை மனசுல வெச்சுச் செஞ்ச பெட்டி இது.

குடியாத்தம் வால்வு | சனி இரவு

பார்த்தீங்களா சார். ஒயரும் கண்டென்சரும் பண்ண தப்புக்கு இத்தனை நாள் வால்வு திட்டு வாங்கிச்சு. 2.2 மைக்ரோ, 400 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் நம்ம கிட்ட இருக்கு. தம்பி, நீ கையை வெக்காத. சுவிட்சை அணைச்சாலும் உள்ள 250 வோல்ட் நிக்கும். ரெசிஸ்டர் போட்டு இறக்கிட்டுத்தான் தொடணும். அவரையும் கூட்டிக்கினு நாளைக்கு வா.

காட்பாடி ஓம் | சனி இரவு

நானும் வர்றேன் அண்ணே, மீட்டரோட.

சத்துவாச்சாரி ரெக்கார்டு | திங்கள் இரவு

நடந்ததைச் சொல்லிடறேன். குடியாத்தம் கிளம்பறதுக்கு முன்னாடி ஞாயிறு காலையில, பழைய 2 மீட்டர் ஒயரோடவும் பழைய கண்டென்சரோடவும் ஒரு தடவை சோதிச்சேன். டெஸ்ட் ரெக்கார்டுல 1000 ஹெர்ட்ஸ் ஓடவிட்டு, ஜோடியில ஆம்ப் இல்லாத ஸ்பீக்கரோட முனையில மீட்டர் வெச்சு, ரெண்டு பெட்டிக்கும் குமிழ்ல தனித்தனி குறி போட்டேன். நான் பார்க்காம என் தங்கச்சி மாத்தி மாத்திச் செருகினா. 10க்கு 9 சரியா சொன்னேன். தொப்பி மெலிஞ்சதும் வயலின் காதைக் கீறினதும் காட்டிக் குடுத்துடுச்சு.

குடியாத்தத்துல அண்ணன் கண்டென்சரை மாத்தினார். ஒயரை அரை மீட்டர் ஆக்கினோம், சார் அளந்தப்ப 50 பிகோஃபாரட்கூட இல்ல. ராத்திரி வீட்டுக்கு வந்து ராமபத்ரன் எல்பியைப் போட்டேன். தொப்பி வந்துச்சு. அம்மா சமையக்கட்டுலேர்ந்து வந்து நின்னாங்க. நைனா இருந்தப்ப இப்படித்தான் கேட்கும்னு சொன்னாங்க.

மறுபடி 10 தடவை. இந்த தடவை 6தான் சரி.

காட்பாடி ஓம் | திங்கள் இரவு

நாணயம் சுண்டினாலே 6 இல்ல அதுக்கு மேல வர்றது 100க்கு 38 தடவை நடக்கும். 6ங்கறது தெரியலன்னு அர்த்தம். 28,000 ரூபாயைப் பையில வெச்சுக்கோங்க. விஎம்95 வரிசையில ஊசிகள் ஒண்ணுக்கொண்ணு மாறும். அதே காட்ரிட்ஜ்ல மைக்ரோலீனியர் (முனையை மெலிசா செதுக்கின) ஊசி போடுங்க. ரெக்கார்டோட உள் வட்டத்துல வயலின் கேட்டுட்டு எழுதுங்க.

குடியாத்தம் வால்வு | செவ்வாய் காலை

ஒரு மணி நேரம் பரீட்சை எழுதற மாதிரி உட்கார்ந்தா நானே 6தான் வாங்குவேன் சார். ஒரு மாசம் சாயங்காலம் கேட்டுட்டு, அப்புறம் பெட்டியை எடுத்துட்டுப் போனா இன்னா ஆவுதுன்னு பார்க்கணும். நீங்க சொன்ன ஊசி நல்ல ஊசி, வாங்கட்டும். ஆனா கீறல் விழுந்த ஈபி ஒண்ணையாவது ரெண்டு பெட்டியிலயும் போட்டியா தம்பி? நான் முதல்ல சொன்னது அதைத்தானே.

சத்துவாச்சாரி ரெக்கார்டு | செவ்வாய் இரவு

இல்ல அண்ணே, போடல. சொந்தக்காரர் வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் குடுத்திருக்கார். ஊசிக்குச் சொல்லிட்டேன். நைனாவோட ஈபியில ரொம்ப அடிபட்டதா ஏழெட்டு எடுத்து வெச்சிருக்கேன். நாளைக்கு ராத்திரி தங்கச்சி வர்றா.