தாடை அறுவை சிகிச்சைக்குப் பின் உதடு மரத்துப்போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கார்த்திகைமீன்:
கீழ்த்தாடை துருத்திக்கொண்டிருந்ததால் எலும்பை வெட்டிப் பின்னுக்கு நகர்த்தும் சிகிச்சை செய்துகொண்டேன். கத்தியைவிட நரம்பை நினைத்துத்தான் பயந்தேன். "உதடு மரத்துப்போகுமா?" என்று கேட்டதும் மருத்துவர் மழுப்பவில்லை. "போகும். பலருக்கு மெல்லத் திரும்பிவிடும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

சி.டி. ஸ்கேனில் எலும்புக்குள் நரம்பு ஓடும் குழாயைத் தொட்டுக் காட்டினார். நரம்பு கடைவாய்ப் பற்களின் வேருக்குக் கீழே ஓடி, முன்கடைவாய்ப் பற்களுக்கு அடியில் ஒரு சிறு துளை வழியாக வெளியே வந்து, உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தருகிறது. 1957இல் டிரவுனர், ஓப்வெகேசர் என்ற அறுவை மருத்துவர்கள் எழுதி வைத்த முறையில் எலும்பை நெடுக்காகப் பிளக்கிறார்கள். பிளவு அந்தக் குழாயை ஒட்டியே இறங்குகிறது. எனக்கு வலப்பக்கம் குழாய் வெளிச்சுவரோடு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் உணர்வு திரும்பத் தாமதமாகும் என்றார், அப்படியே ஆனது.

சிகிச்சைக்குப் பின் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் உதட்டை வருடுவார்கள். இடப்பக்கம் உடனே தெரியும். வலப்பக்கம் தொட்டார்களா என்றே தெரியாது. ஆனால் உதடு நன்றாக அசைந்தது, சிரிப்பும் கோணவில்லை. இது உணர்வு நரம்பு, அசைக்கும் நரம்பு வேறு. மாதங்கள் கழித்து முகம் மழிக்கும்போது மோவாயில் எறும்பு ஊர்வதுபோல் சுருக்கென்றது. உணர்வு திரும்புகிறது என்று மருத்துவர் மகிழ்ந்தார், எனக்கோ எரிச்சல்.

வெண்தாழை:
எனக்குப் பைசோ கருவி. மீயொலி அதிர்வால் எலும்பை அறுக்கும், மென்திசுவைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் மரப்பே வராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: தாடையை நகர்த்தும்போது நரம்பு இழுபடுகிறதே, அதைக் கருவி எப்படித் தடுக்கும்? எனக்கும் மரத்தது. மரத்த உதட்டில் சூடு தெரியாது, பானங்களை ஆறவைத்தே குடியுங்கள்.

பழையபாதை:
ஞானப்பல்லை அரை ஆண்டு முன்பே எடுக்கச் சொன்னார்கள். பிளக்கும் இடத்தில் எலும்பு நிறைந்திருக்க வேண்டுமாம். இன்னொன்று: பிளந்தபோது நரம்பு கண்ணில் பட்டதா, எந்தத் துண்டோடு ஒட்டியிருந்தது என்பது அறுவைக் குறிப்பில் இருக்கும். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு மருத்துவரிடம் போனால் அவர் முதலில் கேட்பது அதுதான்.

மேல்தாடை மட்டும் செய்தவர்கள் யாராவது உண்டா? கன்னமும் மேலுதடும் எவ்வளவு காலத்தில் தெளிந்தன?