சமீபத்துல நீங்க தெரிஞ்சுக்கிட்டு அசந்துபோன விஷயம் என்ன?

கலை, சயின்ஸ், சாப்பாடு, டிராவல் எதுவானாலும் சொல்லுங்க. நான் ஆரம்பிக்கிறேன், மிளகாய் காரம்ங்கிறது சுவையே இல்ல, அதுல இருக்குற கேப்சைசின்ங்கிற கெமிக்கல் போய் நரம்புல சூட்டை உணர்ற அதே ரிசெப்டர்ல ஒட்டுறதால தான் எரியுது, தண்ணி குடிச்சா போகாது, பால் குடிங்க.

பதில் 1:
பழைய ஐரோப்பிய ஓவியங்கள்ல மேரி மாதா போட்டிருக்குற நீல அங்கி இருக்குல்ல, அந்த நீலம் பல ஓவியங்கள்ல ஆப்கானிஸ்தான் படக்‌ஷான் மலைல வெட்டுன லாபிஸ் லசூலி கல்லை அரைச்சு எடுத்தது, 1820கள்ல செயற்கையா செய்யுற வரைக்கும் பயங்கர விலை. இப்பல்லாம் மியூசியம் போனா முதல்ல நீலத்தைத்தான் தேடுறேன்!

பதில் 2:
ஃப்ளைட் சாப்பாடு சப்புன்னு இருக்க சமையல் மட்டும் காரணம் இல்ல, டிரை காத்துல உப்பு, இனிப்பு ரெண்டும் மங்கிடும். தக்காளி ஜூஸ் கேட்டுப் பாருங்க, சூப்பரா இருக்கும்.

பதில் 3:
பறவைங்களுக்கு மிளகாய் காரமே தெரியாது, விதையைப் பரப்புறதே அதுங்கதான்.