எர்லி ஸ்டாப்பிங்கை எல்லா ஸ்கிரிப்டிலும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாமா?

தறி:
எந்த ட்ரெயினிங் ஸ்கிரிப்டைத் திறந்தாலும் ஒரு எர்லி ஸ்டாப்பிங் கால்பேக் (ட்ரெயினிங்கைப் பாதியிலேயே நிறுத்துற துணை நிரல்) உட்கார்ந்திருக்கு. வேலிடேஷன் லாஸ் (ட்ரெயினிங்ல சேர்க்காம ஒதுக்கி வெச்ச டேட்டாவுல மாடலோட பிழை அளவு) ஏறுதா, நிறுத்து. அவ்வளவுதான் யோசனை. நியூரல் நெட்வொர்க்குக்கு இது தேவையே இல்லைங்கிறேன். எத்தனை எபோக், அதாவது டேட்டா மேல எத்தனை முழுச் சுற்றுனு முதல்லயே முடிவு பண்ணி முழுசா ஓட்டுங்க, செக்பாயிண்டுகளை, அதாவது நடுநடுவே மாடலோட நகலை, சேமிங்க, நல்லதை அப்புறம் எடுத்துக்கலாம்.

வளைகோடு:
நல்ல செக்பாயிண்டைப் பொறுக்கி எடுப்பதும் எர்லி ஸ்டாப்பிங்தானே ஐயா? ஜிபியு நேரம்தான் வீண். ஆய்வாளர் பிரெஷெல்ட் 1998-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்: அவசரப்படாமல் நிறுத்தும் விதிகளால் கிடைத்த முன்னேற்றம் சராசரியாக 4 சதவீதம், பிடித்த நேரம் சுமார் 4 மடங்கு.

தறி:
அது அந்தக் காலத்துச் சின்ன நெட்வொர்க். இப்ப கொசைன் ஷெட்யூல் (லேர்னிங் ரேட்டை, அதாவது ஒவ்வொரு அடியிலயும் மாடலை மாத்துற அளவை, கொசைன் வளைவுல இறக்குறது) இல்லாம யார் ஓட்டுறா? 100 எபோக்னு வெச்சா, 45-ஆவது எபோக்ல லேர்னிங் ரேட் இன்னும் உச்சத்துல 58 சதவீதம். லாஸ் அங்கயே மேலும் கீழுமா ஆடிக்கிட்டிருக்கும். பேஷன்ஸ் 5 (முன்னேற்றம் இல்லாம 5 எபோக் பொறுக்கிறது) வெச்சவர் அங்கயே கடையைச் சாத்திடுவார். 80-ல 10 சதவீதம், 90-ல 2.5 சதவீதம்னு ரேட் இறங்கும்போதுதான் லாஸ் நிஜமா விழும். அந்தப் பகுதியையே பார்க்காம விட்டுட்டு ‘மாடல் இவ்வளவுதான்’னு தீர்ப்பு எழுதுறாங்க.

வளைகோடு:
கொசைனோடு சேர்த்து வைக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். லாஸ் தேங்கினால் ரேட்டைக் குறைக்கும் பிளாட்டோ ஷெட்யூலர் இருக்கிறதே! அதற்கு பேஷன்ஸ் 5, நிறுத்துவதற்கு 15 என்று வையுங்கள். ரேட் குறைந்த பிறகும் மாடலுக்கு அவகாசம் கிடைக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் ரேட் குறைவதற்குள் ட்ரெயினிங் முடிந்துவிடும். கெராஸ் லைப்ரரியில் எதையும் மாற்றாமல் விட்டால் நடப்பது இதுதான்: பிளாட்டோவின் பேஷன்ஸ் 10, எர்லி ஸ்டாப்பிங்கின் பேஷன்ஸ் 0. சிறந்த வெயிட்ஸை (மாடல் கற்ற எண்களை) திருப்பி வைக்கும் ஆப்ஷனும் டீஃபால்டாக அணைந்தே இருக்கும். அதை மறந்து பேஷன்ஸை 10 ஆக்கினால், கைக்கு வருவது சிறந்த நிலையைத் தாண்டி 10 எபோக் ஓடிய மாடல்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் வேலிடேஷன் செட்டின் அளவைப் பேசவே இல்லை. 500 சாம்பிள், 90 சதவீத அக்யூரசி என்றால் ஸ்டாண்டர்ட் எரர் (தற்செயலால் வரும் ஊசலாட்டத்தின் அளவு) 1.3 சதவீதம். 0.4 சதவீத ஏற்ற இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவது பூவா தலையா போடுவதுதான். 60 எபோக்கில் உச்சத்தைத் தேடினால் அதிர்ஷ்டமும் சேர்ந்தே வரும். அந்த எண்ணை ரிப்போர்ட்டில் போடாதீர்கள், தொடாத டெஸ்ட் செட் தனியாக வேண்டும்.

இன்னொன்று, லாஸும் அக்யூரசியும் சேர்ந்தே ஏறுவதும் உண்டு. தப்பான ஒரு சாம்பிளில் சரியான வகுப்புக்கு மாடல் தரும் வாய்ப்பு 0.1-லிருந்து 0.001-க்கு இறங்கினால் லாஸ் 2.3-லிருந்து 6.9 ஆகும். அக்யூரசிக்கு அது முன்பும் தப்பு, இப்போதும் தப்பு. ஒரு வகுப்பை மட்டும் தேர்ந்தெடுக்கும் வேலை என்றால் அக்யூரசியையோ எஃப்1-ஐயோ (தப்பாகப் பிடித்ததையும் தவறவிட்டதையும் சேர்த்து அளக்கும் எண்) பாருங்கள். வாய்ப்பு எண்ணையே பயன்படுத்துவீர்கள் என்றால் லாஸ்தான் உண்மை பேசுகிறது.

தறி:
இதைத்தான் நானும் சொல்றேன். போதாததுக்கு 2019-ல ஆய்வாளர் நக்கிரன் குழு டபுள் டிசென்ட்டை எபோக் கணக்கிலயும் காட்டினாங்க: பிழை இறங்கி, ஏறி, மறுபடி இறங்குது. ஸ்டாப்பர் நடுமேட்டிலயே இறங்கிடும்.

வளைகோடு:
அந்த மேடு நன்றாகத் தெரிவது லேபிளில் பிழை கலந்த டேட்டாவில். அங்கே நெட்வொர்க் முதலில் ஒழுங்கான உதாரணங்களைப் பிடித்துக்கொள்கிறது. தப்பான லேபிளை மனப்பாடம் செய்வது பிற்பாடு. நிறுத்துவது அதிகம் உதவும் இடமே அதுதான்.

கணக்குப்பிள்ளை:
பூஸ்டிங்கில் (முடிவு மரங்களை ஒவ்வொரு சுற்றிலும் சேர்த்துக்கொண்டே போகும் முறை) இந்தச் சண்டையே இல்லை, அங்கே எல்லோரும் வைக்கிறார்கள். ஆனால் எக்ஸ்ஜிபூஸ்ட் லைப்ரரியின் நேட்டிவ் ட்ரெயின் ஃபங்ஷன் திருப்பித் தருவது கடைசிச் சுற்றின் மாடலை. பிரெடிக்ட் செய்யும்போது சிறந்த சுற்று வரையிலான மரங்கள் என்று எல்லை கொடுக்காவிட்டால் உபரி மரங்களும் சேரும். அதே லைப்ரரியின் சைக்கிட்-லேர்ன் பாணி ராப்பர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். இவால் பட்டியலில் (ஒவ்வொரு சுற்றிலும் அளந்து பார்க்கும் டேட்டா செட்டுகள்) கடைசியாக இருப்பதைத்தான் ஸ்டாப்பர் கவனிக்கும். அங்கே ட்ரெயின் செட்டை வைத்தால் சுற்றுகள் தீரும்வரை பெரும்பாலும் நிற்காது.

தறி:
சரி, கடைசியா வேலிடேஷன் டேட்டாவையும் சேர்த்து முழு ட்ரெயினிங் ஓட்டும்போது எதைப் பார்த்து நிறுத்துவீங்க?

வளைகோடு:
டேட்டாவை 5 துண்டாக்கி, ஒவ்வொன்றையும் முறை வைத்து வேலிடேஷனாக்கி ஓட்டும் 5 ஃபோல்டில் கிடைத்த சிறந்த எபோக்குகளின் மீடியனை எடுத்து, அத்தனை எபோக் ஓட்டுவேன்.

தறி:
அப்போ நீங்களும் எபோக்கை முதல்லயே முடிவு பண்ணித்தான் ஓட்டுறீங்க!

வளைகோடு:
ஆமாம், ஆனால் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஸ்டாப்பர்தான்.

கணக்குப்பிள்ளை:
ஃபோல்டுகள் 12, 14, 13, 41, 9 என்று சிதறினால் மீடியனை நம்பாதீர்கள். பேஷன்ஸ் போதவில்லை, அல்லது வேலிடேஷன் துண்டு சிறியது. முதலில் பேஷன்ஸை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். அப்போதும் சிதறல் அடங்காவிட்டால் ஃபோல்டைக் குறைத்துத் துண்டைப் பெரிதாக்குங்கள்.