தூண்டில் போட்ட இடத்தில் இன்னும் மனத்தைக் குடையும் ஒன்று: சொல்லுங்கள் (ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

தக்கை

ஜிலேபி மீன் என்றாலே உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். மண்புழு, சின்னத் தூண்டில் முள், கரையோரத்து ஆழம். தக்கை முங்கவே இல்லை, பக்கவாட்டில் நகர்ந்தது. சுண்டினேன். கையகல மீன், கரைக்கு வரும்வரை முரண்டு பிடித்தது. முதுகு முள் குத்தாமல் அதைப் பிடித்து, முள்ளைக் கழற்ற விரலைக் கொண்டுபோனேன். வாய் திறந்தது. உள்ளேயிருந்து குஞ்சுகள் கொட்டின. ஒன்றிரண்டு அல்ல, கொத்துக் கொத்தாக. கண்ணும் வாலும் மட்டுமே தெரிகிற அளவு, ஈர மணலில் துடித்தன. வாயில் அடைகாக்கும் மீன் என்று படித்திருக்கிறேன்தான். ஆனால் அது என் கையில் கிடந்து வாயைத் திறந்து மூட, ஒவ்வொரு முறையும் இன்னும் சில வெளியே விழுந்ததே, அது வேறு. தண்ணீரை அள்ளி ஊற்றி எல்லாவற்றையும் நீருக்குள் தள்ளினேன், தாயையும் விட்டேன். அவற்றைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதா?

வரப்பு

கதை நன்றாக இருக்கிறது, நம்பத்தான் முடியவில்லை. வாயில் குஞ்சு வைத்திருக்கும் ஜிலேபி பெரும்பாலும் பட்டினிதான் கிடக்கும். அது ஏன் மண்புழுவைக் கடிக்கப் போகிறது?

என்னைக் குடைவது விரால். பாசி விலகிய இடத்தில் தூறல் விழுவது போலத் தண்ணீர் சிலிர்த்துக்கொண்டிருந்தது, வானத்தில் மேகமே இல்லை. செம்மஞ்சள் குஞ்சுகள் திரளாக மூச்சுக்கு மேலே வந்து வந்து இறங்கின. பக்கத்தில் நின்றவர் நேராக அந்தத் திரளின் நடுவில் ரப்பர் தவளையை வீசினார். ஒரே அடி, தண்ணீர் வெடித்தது. பசிக்கு வந்த அடி அல்ல, காவலுக்கு நின்ற மீன் அடித்த அடி. அவர் அதைச் சாக்கில் போட்டுக்கொண்டு, புதிதாக வந்த பையனிடம் ‘இதுதான் சுலபமான வழி’ என்று சொல்லியும் கொடுத்தார். குஞ்சுகள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஓரத்திலிருந்து மற்ற மீன்கள் பொறுக்கத் தொடங்கிவிட்டன. காவல் போன திரள் எத்தனை நேரம் தாங்கும்? அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறானோ.

நாங்கூழ்

என்னுடையது சின்னது. பெரிய மீன், என்ன மீன் என்றே பார்க்கவில்லை, இரண்டு ஓட்டம் ஓடியது, போய்விட்டது. தூண்டில் நரம்பின் நுனியைப் பார்த்தேன், சுருள் சுருளாக இருந்தது. அறுந்த நுனி அப்படி இருக்காது. நரம்பு அறவில்லை, கூட வந்தவர் கட்டிக்கொடுத்த முடிச்சு நழுவியிருக்கிறது.

புதியவர்கள் கவனியுங்கள். நைலான் நரம்பை முள்ளின் காதில் கோத்து, ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைக் காதருகே உள்ள வளையத்தில் நுழைத்து இறுக்குங்கள். இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே பலம் குறைந்துவிடும். நுனியை ஒட்ட வெட்டாதீர்கள். கட்டியதும் கையால் இழுத்துப் பாருங்கள், நழுவுவதானால் அங்கேயே நழுவட்டும். நுனி சொரசொரப்பாக வந்தால் கல்லில் உராய்ந்திருக்கிறது என்று பொருள், அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். ரீல் வைத்திருப்பவர்கள் டிராக்கை, அதாவது நரம்பு கழலும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை, இறுக்கியே வைக்கிறார்கள். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு இழுத்தாலே ரீல் நரம்பை விட வேண்டும். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அங்கே போடுங்கள், மிதக்கும் இரையெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே...

மூன்றாம் கரை

நண்பரே, முடிச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. தகவல் சரிதான், மறுக்கவில்லை.

எனக்குக் கெளுத்தி. தரையில் அசையாமல் கிடந்தது, செத்துவிட்டது என்று உடன் வந்தவர் எடுத்து வீச, என் முழங்காலுக்குக் கீழே வந்து விழுந்தது. அதன் பக்கவாட்டு முள் விறைத்துப் பூட்டிக்கொண்டு என் சதையில் நின்றது. மீனை அசைத்தால் நானும் அசைய வேண்டும். அந்த நிலையில் அது மெல்ல ‘கிர்ர்’ என்று ஒலி எழுப்பியது. வலி மறந்துவிட்டது, அந்த ஒலி மறக்கவில்லை. முள்ளை எடுத்த பிறகு, தோல் வெந்துவிடாத அளவு சூடான நீரில் காலை வைத்திருந்ததில்தான் கடுப்பு இறங்கியது. பிறகு மருத்துவரிடம் காட்டி ஊசியும் போட்டுக்கொண்டேன்.

தக்கை

வரப்புக்கு மட்டும் பதில். அது கடித்தது என்று நான் எங்கே எழுதினேன்? முள் மாட்டியிருந்தது வாய்க்குள் அல்ல, கன்னத்துக்கு வெளியே. மண்புழு முழுசாக அப்படியே இருந்தது. நீங்கள் சொல்லும் பட்டினிக்கு அதுவே சாட்சி. குஞ்சுகளின் பக்கம் வந்த புழுவை அது முட்டித் தள்ளியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், தக்கை பக்கவாட்டில் போனதும் அதனால்தான். உங்கள் விரால் செய்ததும் அதேதானே? பிறகு என் கதையை மட்டும் ஏன் நம்ப மறுக்கிறீர்கள்?